சென்னையிலிருந்து சேது–கங்கை யாத்திரை: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரத்தில் மணல் எடுத்து, பிரயாகையில் (இன்றைய பிரயாக்ராஜ்) அதைக் கரைத்து, காசியிலும் கயையிலும் பித்ரு காரியங்களை முடித்து, கங்கை நீரோடு மறுபடி ராமேஸ்வரம் வந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வதுதான் இந்த யாத்திரையின் முழுச் சுற்று. பக்தியில் எந்தக் குறையும் வைக்காத குடும்பங்கள்கூட வரிசையிலும் முன்தயாரிப்பிலும் தடுமாறுவதைப் பார்த்துவருகிறேன். காசிக்குப் போய் இறங்கிய பிறகுதான், "மணல் கொண்டுவந்தீர்களா?" என்று வாத்தியார் (புரோகிதர்) கேட்க, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பாதி வேலை சென்னையிலேயே முடிந்துவிட வேண்டியது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. தேதி குறிக்கும் முன் வீட்டு வாத்தியாரிடம் கேட்க வேண்டியவை

மாதா மாதம் அமாவாசைத் தர்ப்பணம் செய்து வைக்கும் வாத்தியாரிடமே முதலில் பேசுங்கள். உங்கள் குடும்பத்தின் வேதம், சூத்திரம், வழக்கம் எல்லாம் அவருக்குத் தெரியும். அப்படி ஒருவர் இல்லாத வீடுகளில், குடும்பத்துத் திவசங்களைப் பார்த்த மூத்தவரிடம் கேட்டுக்கொள்ளலாம். வேதம், சூத்திரம் என்ற பேச்சே இல்லாத குடும்பங்களும் இந்த யாத்திரையைக் காலங்காலமாகச் செய்துவருகின்றன. தெரியாது என்று வாத்தியாரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதும், அதற்கேற்றபடி அவர் நடத்துவார்.

மூன்று கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். வீட்டில் யாரேனும் இறந்து ஓராண்டு நிறையவில்லையா? பொதுவாக வருஷாப்திகம் (முதலாண்டுத் திவசம்) முடிந்த பிறகே கயா சிராத்தம் செய்கிறார்கள். மனைவி கர்ப்பமாக இருக்கிறாரா? அப்போது கணவர் கடல் நீராடுவதில்லை. சேது ஸ்நானம் (ராமேஸ்வரத்தில் கடல் நீராடல்) இல்லாமல் யாத்திரையைத் தொடங்க முடியாது என்பதால், பயணத்தையே தள்ளிவைப்பது நல்லது. கர்த்தாவின் (காரியம் செய்கிறவரின்) தந்தை உயிரோடு இருக்கிறாரா? இருந்தால் கர்த்தா பிண்டம் போடுவதில்லை. ஸ்நானமும் பூஜையும் தானமும் செய்யலாம். தாயை மட்டும் இழந்தவர்களுக்குச் சில குடும்பங்களில் விதிவிலக்கு உண்டு. அதை வாத்தியார் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், உறவினர் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பயணத்தின் நடுவில் தீட்டுச் செய்தி வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே கேட்டு வைப்பது நல்லது. கயையில் நின்றுகொண்டு தொலைபேசியில் கேட்பது பெரும் வேதனை.

2. பெயர்ப் பட்டியல்

யாத்திரையில் மிக அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். படகில் உட்கார்ந்து தர்ப்பையை விரலில் மாட்டிய பிறகு, "அம்மாவின் தாத்தா பெயர்?" என்று கேட்கப்படும். சென்னையில் இருக்கும் அத்தைக்கு அந்த நேரத்தில் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்குங்கள். தந்தை, தாத்தா, கொள்ளுத் தாத்தா; தாய், பாட்டி, கொள்ளுப் பாட்டி; பிறகு தாய்வழியில் அதேபோல மூன்று தலைமுறை ஆண்கள், அவர்களின் மனைவியர். ஒவ்வொரு பெயருக்கும் நேரே கோத்திரம் வேண்டும். மணமான பெண்ணுக்குக் கணவர் கோத்திரம் என்பதை மறந்து, பிறந்த வீட்டுக் கோத்திரத்தை எழுதிவிடுகிறவர்கள் பலர்.

அடுத்த பக்கம் காருண்ய பித்ருக்களுக்கு. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, உடன்பிறந்தோர், மாமனார், மாமியார், ஆசிரியர், நண்பர், வீட்டில் நெடுங்காலம் வேலை செய்தவர் என யாரையும் சேர்க்கலாம். பிள்ளை இல்லாமல் போனவர்களையும், சிறு வயதில் இறந்தவர்களையும், விபத்தில் போனவர்களையும் தேடித் தேடிச் சேருங்கள். அவர்களை நினைத்துச் செய்ய வேறு யாரும் இருக்க மாட்டார்கள். இந்தப் பட்டியலுக்காக வீட்டுப் பெரியவர்களோடு ஒரு மாலை முழுக்க உட்காருங்கள். அவசரத்தில் ஞாபகம் வராத பெயர்கள் பேச்சுவாக்கில் வந்துவிடும்.

பெயர் தெரியாத இடத்தைக் கோடு போட்டு விட்டுவிடுங்கள். அதற்கென்று மந்திரத்திலேயே வழி இருக்கிறது. கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம் அல்லது காசியப கோத்திரம் சொல்லும் வழக்கம் உண்டு. பட்டியலை எழுதி முடித்ததும் மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று படகில் நனைந்தே தீரும்.

3. எந்த மாதம், எந்த ரயில்

சென்னைக்காரர்களுக்கு அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரையும், பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரையும் ஏற்ற காலம். டிசம்பர், ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தில் மூடுபனி கவிந்து ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். விடியற்காலைக் குளிர் நம் முதியவர்களுக்கு ஆகாது. மே, ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கையில் வெள்ளம் ஏறினால் படகுகளை நிறுத்திவிடுவார்கள், படகு இல்லையென்றால் காசியில் ஐந்து படித்துறைகளில் செய்யும் பஞ்ச தீர்த்தம் நடக்காது. மகாளய பட்சத்தில் கயையும், தை அமாவாசையை ஒட்டி வரும் மாக மேளாவில் பிரயாகையும், கார்த்திகைப் பௌர்ணமியில் காசியும் நிரம்பி வழியும். முதல்முறை போகிறவர்கள் இந்த நாட்களைத் தவிர்த்தால் நிதானமாகச் செய்யலாம்.

ரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. சென்ட்ரலிலிருந்து சாப்ரா போகும் கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் நம்மவர்களின் பழைய வழி. பிரயாக்ராஜ் சியோக்கி வழியாக வாரணாசிக்குப் போகிறது, ஒன்றரை நாளுக்கு மேல் பயணம். ராமேஸ்வரத்துக்கு 2022 டிசம்பரில் நின்ற ரயில்கள் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் மறுபடி ஓடுகின்றன. உங்கள் வண்டி எழும்பூரிலிருந்து புறப்படுகிறதா, தாம்பரத்திலிருந்தா என்பதை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலையப் பெயர்களில் கவனம் தேவை. வாரணாசி ஜங்ஷன் வேறு, முன்பு மண்டுவாடி என்றிருந்த பனாரஸ் நிலையம் வேறு, வாரணாசி சிட்டி வேறு, காசி நிலையம் வேறு. முகல்சராய்க்கு இப்போது தீனதயாள் உபாத்யாயா ஜங்ஷன் என்று பெயர், அங்கே இறங்கினால் கங்கையைக் கடந்து காரில் வர வேண்டும். அதேபோல் பிரயாக்ராஜ் ஜங்ஷனும் சியோக்கியும் ஒன்றல்ல. சியோக்கி, யமுனைக்கு இந்தப்புறம் நைனி பக்கத்தில் இருக்கிறது. தவறான நிலையத்துக்கு வண்டி அனுப்பிவிட்டு, இரவு நேரத்தில் பெரியவர்களோடு பிளாட்பாரத்தில் காத்திருக்க நேர்ந்தவர்கள் உண்டு.

கீழ்ப்படுக்கைக்கு ஒரு வழி: மூத்த குடிமக்களை மட்டும் ஒருவர் அல்லது இருவராகத் தனி டிக்கெட்டில் பதிவு செய்யுங்கள். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் அந்த ஒதுக்கீடு உண்டு. குடும்பம் முழுவதையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அது கிடைக்காது.

4. காசி வாத்தியாரோடு பேசி முடிப்பது

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பேசி, நாள் உறுதியான பிறகு டிக்கெட் எடுங்கள். காசியில் அனுமன் காட், கேதார் காட் பகுதியில் தமிழ் பேசும் புரோகிதர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். பிரயாகையிலும் கயையிலும் காரியம் நடக்க ஏற்பாடு செய்வதும் பெரும்பாலும் அவர்களே. உங்கள் வீட்டு வாத்தியார் யாரையாவது சொல்வார், அந்த வழியே போவது நல்லது. ரயில் நிலையத்தில் வந்து பையைத் தூக்குகிறவர்களோடு போகாதீர்கள்.

பேசும்போது தொகையை மட்டும் கேட்டு வைத்துவிட்டால் பின்னால் மனக்கசப்பு வரும். அந்தத் தொகைக்குள் எதெல்லாம் அடங்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: படகு, பிண்டத்துக்கான பொருட்கள், பிராம்மண போஜனம், தட்சிணை, தங்குமிடம், சாப்பாடு, பிரயாகைக்கும் கயைக்கும் வண்டி, கயாவாளிக்கு (கயையின் பரம்பரைப் புரோகிதருக்கு) கொடுப்பது, தம்பதி பூஜைக்கான புடவை வேட்டி. தச தானம் (பத்து வகைத் தானம்) போன்றவற்றில் எதைப் பொருளாகக் கொடுக்கிறீர்கள், எதற்குப் பணம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இயன்றது இவ்வளவுதான் என்று பணிவாகச் சொன்னால் நல்ல வாத்தியார் ஏற்றுக்கொள்வார். சங்கல்பம் செய்து, ஈர வேட்டியோடு நிற்கும்போது பேரம் பேச நேர்ந்தால் மனம் கலங்கிவிடுகிறது, செய்கிற காரியத்தில் லயிக்காது.

கணவரை இழந்து தனியாக வரும் பெண்களுக்கும், மகன் வெளிநாட்டில் இருக்கும் தாய்மார்களுக்கும் வழி உண்டு. தர்ப்பைப் புல்லை வாத்தியார் கையில் கொடுத்து, தமக்காகச் செய்யச் சொல்வது வழக்கம். "நான் எதற்குப் போக வேண்டும், எனக்கு அங்கே என்ன இருக்கிறது" என்று ஒதுங்கும் அம்மாக்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். முன்கூட்டியே வாத்தியாரிடம் தெரிவித்துவிட்டால், அங்கே யாரும் அவர்களைச் சங்கடமாக நிற்க வைக்க மாட்டார்கள்.

5. சென்னையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டியவை

கங்கா பூஜைக்கும், பிரயாகையில் பின்னலின் நுனியை நறுக்கி நதியில் விடும் வேணி தானத்துக்கும் நம் வழக்கத்துப் பொருட்கள் மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒரே நடையில் கிடைத்துவிடும்: மஞ்சள் கிழங்கு, குங்குமம், ரவிக்கைத் துண்டு, காதோலை கருகமணி, கண்ணாடி வளையல், சீப்பு, சிறு கண்ணாடி. பஞ்சபாத்திரம், உத்தரணி வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கஜமோ மடிசாரோ உங்கள் வழக்கம் என்றால் அதற்கும் தனிப் புடவை வேண்டும்.

ஆண்களுக்கு மூன்று வேட்டிகள், துண்டுகள் குறையாமல் இருக்க வேண்டும். ஒன்று எப்போதும் ஈரமாகவே இருக்கும். பெண்கள் ஆற்றில் இறங்க, நனைந்தால் உடலோடு ஒட்டாத கனத்த, அடர்நிறப் பருத்தித் துணி வைத்துக்கொள்ளுங்கள். மூடி நன்றாகப் பொருந்தும் செம்பு அல்லது பித்தளைச் சொம்பு ஒன்று கட்டாயம். ஊரிலேயே தண்ணீர் நிரப்பி, ஓரிரவு தலைகீழாகக் காகிதத்தின்மேல் வைத்துப் பாருங்கள், கசிந்தால் தெரிந்துவிடும்.

விமானத்தில் போகிறவர்கள் கற்பூரம், தீப்பெட்டி, கொப்பரைத் தேங்காய் எதையும் பெட்டியில் வைக்க வேண்டாம். அனுமதி கிடையாது. பூ, பால், விளக்கு, கற்பூரம் எல்லாம் அங்கே படித்துறையிலேயே கிடைக்கும்.

6. வீட்டிலிருந்து புறப்படுதல்

குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, விக்னேசுவர பூஜை செய்து, பெரியவர்களை வணங்கி யாத்திரைச் சங்கல்பம் செய்துகொள்ள வேண்டும். எதற்காகப் போகிறோம், எங்கெல்லாம் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்வதுதான் சங்கல்பம். இடையில் மனம் தளர்ந்து ஒரு தலத்தை விட்டுவிடாமல் இருக்க இது காவல்.

7. ராமேஸ்வரம்: மணல் எடுப்பது

வரிசை மாறக் கூடாது. முதலில் கடல் ஸ்நானம், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், பிறகு உலர்ந்த உடை, அதன் பிறகு தரிசனம். ஈர உடையோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள். மாற்று உடையை விடுதியில் வைத்துவிட்டு வந்து, மறுபடி ஓடுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். 22 தீர்த்தங்களில் கல் தரை வழுக்கும், பெரியவர்களின் கையை விடாதீர்கள்.

தனுஷ்கோடியிலோ அக்னி தீர்த்தக் கரையிலோ சங்கல்பத்தோடு மணல் எடுத்து, வாத்தியார் சொல்லும் முறையில் மூன்று லிங்கங்களாகப் பிடித்துப் பூஜை செய்ய வேண்டும். சேது மாதவம், பிந்து மாதவம், வேணி மாதவம் என்று அவற்றுக்குப் பெயர். பொதுவான வழக்கப்படி சேது மாதவம் அங்கேயே கடலில் கரையும், பிந்து மாதவம் வாத்தியாருக்குத் தானமாகப் போகும், வேணி மாதவம் உங்களோடு பிரயாகைக்கு வரும்.

மணல் காய்ந்ததும் லிங்கம் உதிர்ந்துவிடும். ஐயோ உடைந்துவிட்டதே என்று பதற வேண்டாம், கரைப்பதற்கென்றே கொண்டுபோகிறோம். ஒரு மணிகூடச் சிந்தாமல் சிறு துணியில் முடிந்து, எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, வெளியே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். கடலில் நனைந்த துணியோடு வந்த மண் என்று நினைத்து, வீட்டில் வேலைக்கு உதவுகிறவர் கொட்டிவிட்ட வீடும் உண்டு. ராமேஸ்வரத்துக்கும் பிரயாகைக்கும் நடுவே சில வாரங்கள் இடைவெளி இருந்தால், டப்பா பூஜை அறையிலேயே இருக்கட்டும்.

8. ஆற்றில் இறங்கும் முறை

இது பிரயாகைக்கும் காசிக்கும் மட்டுமல்ல, ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்தில் காவிரியில் இறங்கும்போதும் இதே முறைதான்.

முதலில் விடுதியிலேயே சாதாரண நீரில் குளித்து, பல் துலக்கி, உடல் அழுக்கைப் போக்கிவிட்டுத்தான் கரைக்கு வர வேண்டும். நதியில் முழுகுவது அழுக்குப் போக அல்ல. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் ஆற்றுக்குள் கூடாது. துப்புவதும் கொப்பளிப்பதும் கூடாது.

கரையில் நின்று, குனிந்து, வலது கையால் நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே கால் படலாம். தாயாக வணங்கும் நதியைக் காலால் முதலில் தொடக் கூடாது என்பதற்காக இந்த ஒழுங்கு. பிறகு சங்கல்பம். அதில் ஆண்டு, மாதம், திதி, இடம், உங்கள் பெயர், கோத்திரம், காரணம் எல்லாம் வரும். சங்கல்பம் சொல்லாமல் குதித்துவிட்டு வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவது வழக்கமான தவறு.

நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று மூன்று முழுக்கு. தலை முழுவதும் நனைய வேண்டும். வர இயலாதவர்களின் பெயரைச் சொல்லி அவர்களுக்காகவும் ஒவ்வொரு முழுக்குப் போடலாம். படுக்கையில் இருக்கும் அம்மாவுக்காக முழுகிவிட்டு, ஊருக்கு வந்து அவர் தலையில் தீர்த்தம் தெளிக்கும்போது அந்த முகம் மலர்வதைப் பார்த்தவர்கள் இதை மறக்க மாட்டார்கள். முழுக்கு முடிந்ததும் இரு கைகளாலும் நீரை அள்ளிச் சூரியனை நோக்கி அர்க்கியம் விடுங்கள்.

தர்ப்பணத்துக்கு ஓர் எளிய விதி இருக்கிறது. நீருக்குள் நின்று செய்தால் ஈர உடை, கரையில் உட்கார்ந்து செய்தால் உலர்ந்த உடை. தர்ப்பணம் முடியும்வரை நனைந்த துணியைப் பிழியக் கூடாது. தமக்கென்று நீர் வார்க்க யாரும் இல்லாத குலத்தவர்களுக்கு உரியது அந்தத் துணி நீர். தர்ப்பணம் முடிந்தபின் அதற்கான மந்திரத்தோடு கரையில் பிழிய வேண்டும். ஆற்றுக்குள்ளேயே முறுக்கிப் பிழிந்துவிட்டு ஏறுகிறவர்கள்தான் அதிகம்.

பழைய துணியை ஆற்றில் விடுவது பரிகாரம் என்று யாரோ சொல்லக் கேட்டு விடாதீர்கள். பூவை விடும்போது அது கட்டிவந்த பிளாஸ்டிக் பை உங்கள் பையிலேயே இருக்கட்டும். விளக்கு விடுவதானால் இலைத் தொன்னையில் விடுங்கள். கங்கையைத் தாயென்று கூப்பிட்டுவிட்டு அவள்மேல் குப்பை கொட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

நீருக்கடியில் இருக்கும் படிகளில் பாசி படிந்திருக்கும். இரண்டாவது படிக்குக் கீழே இறங்க வேண்டாம். கரையில் சங்கிலியோ கயிறோ இருந்தால் ஒரு கை அதிலேயே இருக்கட்டும்.

9. பிரயாகை

முதலில் ஆண்களுக்கு முண்டனம் (மொட்டை), பிறகு ஸ்நானம், வேணி தானம், மணல் கரைப்பு, தீர்த்த சிராத்தம் என்று போகும். வாத்தியாருக்கு வாத்தியார் சிறு மாற்றம் இருக்கலாம், அவர் சொல்படி செய்யுங்கள். சங்கமம் கரையிலிருந்து தள்ளி இருக்கிறது. படகில் போக வேண்டும், அங்கே படகுகளுக்கு நடுவே கட்டிய மரப்பலகையில் இறங்கி முழுகலாம். வெளிறிய கங்கையும் பசுமை படர்ந்த யமுனையும் ஒட்டிக்கொண்டு ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

வேணி தானம் தம்பதியாக வரும் சுமங்கலிகளுக்கு உரியது. மனைவி முன்னால் உட்கார, கணவர் அவர் தலைமுடியைச் சீவி, தம் கையாலேயே பின்னல் போட்டு, பூ வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, பின்னலின் நுனியில் இரண்டு மூன்று விரற்கடை மட்டும் நறுக்கித் திரிவேணியில் விடுகிறார். ஐம்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தும் ஒருநாள்கூட மனைவிக்குத் தலை பின்னாத கணவர்கள், மூன்று கால்களையும் பிரிக்கத் தெரியாமல் தடுமாறுவார்கள். அவசரப்படுத்த வேண்டாம். வீட்டிலேயே ஒருமுறை பின்னிப் பழகிக்கொண்டு வந்தால் அந்த நேரம் நிறைவாக இருக்கும். பின்னல் அவிழாமல் இருக்க இரண்டு இடத்தில் நூலால் கட்டிக்கொண்டு, கீழ்க்கட்டுக்கு மேலே நறுக்க வேண்டும், அப்போதுதான் முடி சிதறாது. கத்தரிக்கோல் கூராக இருக்கட்டும்.

அடுத்து, வேணி மாதவ மணலுக்குப் பூஜை செய்து சங்கமத்தில் கரைக்க வேண்டும்.

ராமேஸ்வரத்துக்கான கங்கை நீரை இங்கேதான் எடுக்க வேண்டும். இதைத் தெரியாமல் காசியில் பிளாஸ்டிக் கேன் வாங்கி நிரப்புகிறவர்கள் ஏராளம். காசி எல்லைக்குள் உயிர்விடும் எந்தச் சிற்றுயிருக்கும் முக்தி என்பது நம்பிக்கை. அங்குள்ள நீரையோ மண்ணையோ வெளியே கொண்டுபோனால் அதிலுள்ள உயிர்களின் முக்தியைப் பறித்ததாகும் என்பதால், அங்கிருந்து எடுப்பதில்லை. சங்கமத்தில் உங்கள் சொம்பை நீங்களே நிரப்பி, கடைத்தெருவில் உங்கள் கண்முன் மூடியை ஈயம் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். அடைத்தே விற்கும் சிறு சொம்புகள் உறவினர்களுக்குக் கொடுக்க நன்று, அபிஷேகத்துக்கு உங்கள் கையால் எடுத்த நீரே இருக்கட்டும். விமானத்தில் திரும்புகிறவர்கள் சொம்பைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வைக்க வேண்டும்.

நேரம் இருந்தால் கோட்டை அருகே படுத்த கோலத்தில் இருக்கும் அனுமாரையும், சங்கர விமான மண்டபத்தையும், தாராகஞ்சில் வேணி மாதவரையும் தரிசிக்கலாம். காசி அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர்.

10. காசி: பஞ்ச தீர்த்தம்

ஒரே நாளில் ஐந்து படித்துறைகளில் ஸ்நானமும் பிண்டமும். அசி சங்கமம், தசாசுவமேதம், வருணா சங்கமத்தில் ஆதி கேசவம், பஞ்சகங்கை, கடைசியில் மணிகர்ணிகை என்பது வரிசை. காசியில் கங்கை வடக்கு நோக்கி ஓடுகிறாள். அசி தெற்கு எல்லை, வருணை வடக்கு எல்லை. ஆகவே படகு மணிகர்ணிகையைக் கடந்து வடகோடிவரை போய், பிறகு எதிர்நீரோட்டத்தில் திரும்பி வந்து முடிக்கிறது. "போகும் வழியில்தானே இருக்கிறது, இப்போதே முடித்துவிடலாமே" என்று படகோட்டியை நிறுத்தச் சொல்கிறவர்கள் உண்டு. எல்லைகள் இரண்டையும் தொட்ட பிறகே மணிகர்ணிகையில் நிறைவு செய்வது முறை.

பிண்டத்துக்கான சாதத்தைப் பெரும்பாலும் படகிலேயே வடிக்கிறார்கள். சிறு அடுப்பு, புகை, ஆடும் படகு. எல்லோரும் ஒரு பக்கமாக நகராமல் உட்கார்ந்திருங்கள். படகில் உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று ஏறும் முன் பாருங்கள். ஐந்து துறைகளிலும் முழுக இயலாத முதியவர்கள், முதல் துறையில் முழுகிவிட்டு மற்ற இடங்களில் நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளலாம் என்று வாத்தியார்களே சொல்கிறார்கள். அதில் குற்ற உணர்வு வேண்டாம்.

காரியம் முடிந்து, பிராம்மண போஜனம் ஆகி, நீங்கள் சாப்பிட உட்காரும்போது பிற்பகல் ஆகிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை முந்தைய நாளே வாத்தியாரிடம் சொல்லிவிட வேண்டும். பாலும் பழமும் எடுத்துக்கொள்ள வழி சொல்வார். மாத்திரையை நிறுத்திவிட்டுப் படகில் மயங்கினால் காரியமும் நிற்கும். அன்றிரவு பலகாரம் மட்டும்.

11. கயை

கயைக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். காசியிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்வரத் திட்டமிடுகிறவர்கள், வாழ்நாளில் ஒருமுறை செய்யும் காரியத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். முதல்நாள் போய்த் தங்கி, காலையில் தொடங்குவதே சரி.

பல்குனி நதிக்கரை, விஷ்ணு பாதம், அட்சய வடம் என்று மூன்று இடங்களில் பிண்டம் வைக்க வேண்டும். முன்பு பல்குனியில் மணலைத் தோண்டினால்தான் நீர். 2022-இல் ரப்பர் அணை கட்டியபின் விஷ்ணு பாதம் அருகே நீர் தேங்கி நிற்கிறது. பெயர்ப் பட்டியல் முழுவதுமாகப் பயன்படுவது இங்கேதான். பொதுவாக 64 பிண்டங்கள் வைப்பார்கள்.

அவற்றில் 16 தாய்க்கு. கருவில் சுமந்தபோது பட்ட வேதனை, பிரசவத்து வலி, இரவெல்லாம் விழித்தது, தான் பட்டினி கிடந்து ஊட்டியது என ஒவ்வொன்றையும் சொல்லி ஒவ்வொரு பிண்டம் வைப்பது மாத்ரு ஷோடசி. இதன் பொருளைத் தமிழில் சொல்லும்படி வாத்தியாரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பொருள் தெரிந்து செய்யும்போது எவ்வளவு திடமான மனிதரும் அழுதுவிடுவார். அழுகை வந்தால் அடக்க வேண்டாம், வாத்தியார் காத்திருப்பார்.

அட்சய வடத்தடியில் ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை ஆகியவற்றை இனி உண்பதில்லை என்று விட வேண்டும். எதை விடுவது என்று சென்னையிலேயே யோசித்து முடிவு செய்யுங்கள். பிடித்ததை விடுவதுதான் தியாகம். ஆனால் பின்னால் கடைப்பிடிக்க முடியாததை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. வாழை இலையை விட்டுவிட்டு, கல்யாண வீடுகளில் திண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

12. மீண்டும் காசி: பூஜையும் தரிசனமும்

பித்ரு காரியம் முடிந்த பிறகே மங்கல காரியம். கங்கா பூஜையும் தம்பதி பூஜையும் இப்போது செய்ய வேண்டும். சென்னையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள், ரவிக்கைத் துண்டு, வளையல் எல்லாம் இதற்குத்தான், பிரயாகையிலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிடாதீர்கள்.

விசுவநாதர் கோயிலுக்குள் கைப்பேசி, பை எதுவும் விடமாட்டார்கள். விடுதியிலேயே வைத்துவிட்டு நடந்து போவது எளிது. வரிசையில் நிற்க முடியாதவர்கள் கோயில் நிர்வாகமே தரும் சுகம் தரிசன டிக்கெட்டை வாங்கலாம், சந்தில் நிற்கும் இடைத்தரகர் வேண்டாம். அன்னபூரணி, விசாலாட்சி, பஞ்சகங்கையில் பிந்து மாதவர், கடைசியாகக் காலபைரவர். காசிக் கயிற்றைக் காலபைரவர் சன்னிதியில் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள், ஊரில் கேட்பவர்கள் அதிகம்.

13. சென்னை திரும்பி, ராமேஸ்வரம்

சொம்பைப் பூஜை அறையில் வைத்து, நல்ல நாள் பார்த்துக் கங்கா பூஜையும் சமாராதனையும் (பூஜையோடு அன்னமிடுதல்) செய்கிறார்கள். உறவினருக்கு அன்னபூரணிச் சிலையும் சிறு சொம்பும் கயிறும் அப்போது கொடுக்கலாம். பலரும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ராமநாதருக்கு அபிஷேகம் ஆன பிறகே சங்கல்பம் நிறைவேறுகிறது, ஆகவே ராமேஸ்வர டிக்கெட்டையும் வடநாட்டு டிக்கெட் எடுக்கும்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

கோயில் அலுவலகத்தில் கங்காபிஷேகத்துக்குக் கட்டணம் கட்டி, நீரைச் செம்பு அல்லது பித்தளைப் பாத்திரத்தில் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கேனிலோ தகரத்திலோ கொண்டுபோகாதீர்கள். ஈயப் பற்றைப் பிரிக்க ஒரு சிறு திருப்புளி கையில் இருக்கட்டும். அபிஷேகத்துக்கு அழைக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அரை மணி முன்னதாகவே சன்னிதிக்குப் போய்விடுங்கள்.